வேகமான சிறிய ஹேட்ச்பேக்: வீட்டின் ஒரே காராக வைத்திருக்க முடியுமா?

கேள்வி (ஜனவரி 10)

வீட்டில் இருக்கப்போவது ஒரே கார். எனக்கு ஸ்போர்ட்டியான சிறிய ஹேட்ச்பேக் மேல்தான் கண். அண்ணனோ, "அதே பணத்துக்கு இதைவிடப் பெரிய, சொகுசான வண்டி வரும். இது ஆசைக்கு வாங்குவது, ஒரு வருடத்தில் முதுகு வலித்து விற்றுவிடுவாய்" என்கிறார். பின் இருக்கையில் அடிக்கடி பெரியவர்கள் வருவார்கள். வைத்திருப்பவர்கள் நன்மை தீமை இரண்டையும் சொல்லுங்கள்.

ஜனவரி 11

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. என்னிடம் இப்போது இருப்பது டர்போ எஞ்சினும் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் வகை) 18 அங்குல ரிம்மும் கொண்ட ஹேட்ச்பேக். அதற்கு முன் டர்போ இல்லாத, எடை குறைந்த, பழைய தலைமுறை வண்டி ஒன்று இருந்தது. இரண்டும் வீட்டின் ஒரே காராகவே ஓடின. ஆகவே "முடியுமா" என்ற கேள்விக்கு என் பதில்: முடியும்.

எதற்காகச் சலித்துக்கொள்வீர்கள் என்பதைத்தான் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் செலவைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிதானமாக ஓட்டினால் அது சாதாரண வண்டியைவிட மிக அதிகமாகப் போவதில்லை. அழுத்தி ஓட்டினால் ஏறும். அது உங்கள் காலில் இருக்கிறது. உண்மையான செலவும் தொல்லையும் டயர், ரிம், சஸ்பென்ஷன் என்ற மூன்றிலிருந்துதான் வருகின்றன. மோசமான சாலை உங்கள் அன்றாட வழியில் இருந்தால், எஞ்சினைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிட்டு டயர் அளவைப் பாருங்கள்.

நன்மை என்ன என்று கேட்டால், எனக்கு அது நேர்கோட்டு வேகத்தில் இல்லை. ஒரு சாதாரண வளைவில், சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்புகிறதே, அதற்காகத்தான் இந்த வகை வண்டியை வைத்திருக்கிறேன். கடைக்குப் போய்வரும் ஐந்து நிமிடப் பயணத்திலும் அது கிடைக்கிறது.

ஜனவரி 11, இரவு

இடவசதியைச் சொல்ல விட்டுப்போனது. "சிறிய கார்" என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பின் இருக்கையை மடக்கினால், ஒரு செடானின் டிக்கி வாய்க்குள் நுழையவே நுழையாத பொருள்கள் இதில் ஏறும். சலவை இயந்திரம், மடிக்காத சைக்கிள், நீளமான மரப்பலகை எல்லாம் என் வண்டியில் போயிருக்கின்றன. பின்கதவு முழுவதுமாக மேலே திறப்பதுதான் காரணம். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் (தாழ்ந்த கூரையுள்ள இரண்டு கதவுக் கார்களில்) இந்த அளவு வசதி இல்லை.

வாங்கும் முன் இருக்கை எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் பின்னால் இருவருக்குத்தான் பெல்ட் இருக்கும்.

ஜனவரி 13

டயரைப் பற்றி விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். கணக்கு எளிது. 225/40 R18 என்றால் டயரின் அகலம் 225 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். கடைசி 18, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். சாதாரணக் குடும்பக் காரில் வரும் 185/65 R15 டயரில் அதே சுவர் 120 மில்லிமீட்டர். இந்த 30 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குழியின் அடியை வாங்கிக்கொள்பவை. அவை குறைந்தால் அடி ரிம்முக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் இடுப்புக்குப் போகிறது.

என் அனுபவம்: மழையில் தண்ணீர் நிரம்பியிருந்த ஒரு குழி. ஆழம் தெரியவில்லை. முன் இடது சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி தொடர்ந்து ஓடியது, காற்றும் இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தபோது டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துவிட்டால் காற்றழுத்தம் ரப்பரை வெளியே தள்ளும். அதுதான் அந்தப் புடைப்பு. அதை ஒட்டவோ சரிசெய்யவோ முடியாது. நெடுஞ்சாலையில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். டயரை மாற்றத்தான் வேண்டும். அடுத்த பக்கத்து டயர் பாதி தேய்ந்திருந்ததால் அதையும் சேர்த்து மாற்றினேன். ரிம்மின் உள்விளிம்பும் நெளிந்திருந்தது.

இன்னொன்று: இந்த வகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு சிறிய கம்ப்ரஸரும் பசை பாட்டிலும் வைத்துவிடுகிறார்கள். ஆணி குத்தினால் பசை உதவும். பக்கச் சுவர் கிழிந்தால் உதவாது. இழுவை வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும். குடும்பத்துடன் தொலைதூரம் போகிறவர் என்றால் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்து, அடியில் ஸ்டெப்னி வைக்கக் குழி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஜனவரி 14

ஒருவர் கேட்கிறார்: 18-ஐக் கழற்றி 17 போட்டால் என்ன? போடலாம். 225/45 R17 டயரின் மொத்த விட்டம் 225/40 R18-க்கு ஏறத்தாழச் சமம்; வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டாது. பக்கச் சுவர் 90-லிருந்து 101 மில்லிமீட்டராகும். டயரும் பொதுவாக மலிவு. பெரிய பிரேக் காலிப்பர் (பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) உள்ள வண்டியில் 17 அங்குல ரிம் உள்ளே இடித்துவிடும் என்பது மட்டும்தான் தடை. உங்கள் மாடலின் கீழ்நிலைப் பதிப்பே 17-இல் வருகிறது என்றால், பிரேக் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்று என்றால் கவலை இல்லை.

என் வண்டிக்கு நான் அதைத்தான் செய்தேன். தோற்றம் கொஞ்சம் மாறியது. சாலையில் கிடைத்த நிம்மதி பெரிது.

ஜனவரி 19

"இவ்வளவு சக்தியை எங்கே போய்ப் பயன்படுத்துவது? வீண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கார் பிறந்தபோது சக்தி அதிகம் இருக்கவே இல்லை. 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் இருந்தது 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். வண்டியின் எடை 810 கிலோ. 5,000 வண்டிகள் விற்றால் போதும் என்றுதான் நிறுவனம் திட்டமிட்டது. முதல் தலைமுறை மட்டுமே நான்கு லட்சத்தைத் தாண்டி விற்றது. 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ-யும் அதே வழிதான்: சிறிய உடல், மிதமான எஞ்சின், குறைந்த எடை.

மறுகோடியில், 2019-இல் வந்த மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் இரண்டு லிட்டர் எஞ்சினிலிருந்தே 421 குதிரைத்திறன் எடுக்கிறது. பொறியியலாக அது வியப்பானதுதான். ஆனால் அதன் முழு பலத்தை இரண்டாவது கியரில் உணர்ந்து முடிப்பதற்குள் பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு கடந்துபோயிருக்கும்.

எடையால் சக்தியை வகுத்துப் பாருங்கள். பழைய ஜிடிஐ-க்கு ஒரு டன்னுக்கு 136 குதிரைத்திறன். 2017-இல் வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 140 குதிரைத்திறன், ஏறத்தாழ 970 கிலோ, டன்னுக்கு 144. டொயோட்டா ஜிஆர் யாரிஸின் முதல் பதிப்பில் 261 குதிரைத்திறன், 1,280 கிலோ, டன்னுக்கு 204. அன்றாடச் சாலைக்கு முதல் இரண்டும் போதும் என்பதுதான் என் உறுதியான கருத்து. மூன்றாவது, பந்தயத் தடத்துக்கும் போகிறவருக்கு.

எடை குறைந்தால் பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாமே குறைவாக உழைக்கின்றன. சக்தி கூடினால் எல்லாமே கூடுதலாக உழைக்கின்றன. வேகம் 100-லிருந்து 120 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 20 சதவீதம் கூடுவதில்லை, 44 சதவீதம் கூடுகிறது. இதை மறந்து குதிரைத்திறனை மட்டும் எண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜனவரி 20

நேற்றைய குறிப்புக்கு வந்த பதில்: பழைய கார்களின் 810 கிலோவில் காற்றுப்பை இல்லை, இன்றைய அளவுக்கு மோதலைத் தாங்கும் கூடு இல்லை, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி) இல்லை. நியாயமான பதில். எடைக்கு எல்லை எங்கே என்று கேட்டால், நான்கு காற்றுப்பைகளும் இஎஸ்சி-யும் (வண்டி சறுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் மின்னணு முறை) உள்ள வண்டிகளே ஒரு டன்னுக்குக் கீழே வந்திருக்கின்றன என்பதைச் சொல்வேன். பாதுகாப்பைக் குறைத்து எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. பெரிய திரை, மின்சார இருக்கை, கண்ணாடிக் கூரை ஆகியவற்றைக் குறைக்கச் சொல்கிறேன். கண்ணாடிக் கூரை எடையை வண்டியின் உச்சியில் ஏற்றுகிறது. வளைவில் அது தெரியும்.

பிப்ரவரி 2

மழையில் முன்சக்கரங்கள் சுழல்கின்றன, ஸ்டீயரிங் கையை இழுக்கிறது என்று கேட்டவருக்கு.

முன்சக்கர இயக்கக் கார் வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்கிறது. அதாவது இழுக்க வேண்டிய சக்கரங்கள் இலேசாகின்றன. ஈரச் சாலையில் அது நேரடியாகத் தெரியும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுப்பதற்குப் பெயர் டார்க் ஸ்டீர். கியர்பெட்டி ஓரமாக இருப்பதால் இரண்டு பக்க அச்சுத் தண்டுகளின் நீளம் வேறுபடுவது அதற்கு ஒரு காரணம். முன் சஸ்பென்ஷனின் வடிவமைப்பு இன்னொன்று. 2009-இல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் ஏறத்தாழ 300 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கு மட்டுமே அனுப்பியது; அதற்காகவே சக்கரம் திரும்பும் அச்சை ஷாக் அப்சார்பரிலிருந்து பிரித்து வடிவமைத்தார்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர்-இலும் பிறகு அதே எண்ணம் வந்தது.

உங்களுக்குத் தேவையான செய்தி: லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் விருப்பத் தேர்வாகக் கிடைத்தால், மற்ற எல்லா அலங்காரத்தையும் விட்டுவிட்டு அதை எடுங்கள். ஒரு சக்கரம் வழுக்கும்போது, பிடி உள்ள சக்கரத்துக்குச் சக்தியை அனுப்புவது அதன் வேலை. இதே வேலையைப் பிரேக்கைப் பிடித்துச் செய்யும் மின்னணு முறையும் உண்டு. அன்றாட ஓட்டத்துக்கு அது போதும், தொடர்ந்து அழுத்தி ஓட்டினால் பிரேக் சூடாகிவிடும்.

பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், இஎஸ்சி இல்லாத பழைய ஹேட்ச்பேக்குகளில் பின்பகுதி வெளியே வீசும். 205 ஜிடிஐ இதற்குப் பெயர்போனது. தெரிந்தவர் அதை ரசிப்பார். தெரியாதவர் தடுப்புச் சுவரில் இருப்பார்.

பிப்ரவரி 9

எஞ்சின் பராமரிப்பு. இதில் கடுமையாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் நல்ல எஞ்சின்கள் அலட்சியத்தால் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதீர்கள். முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைப்பீர்கள். அது கூலண்ட்டின் சூடு. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். டர்போவின் தண்டு ஆயிலின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. ஆயில் இன்னும் கெட்டியாக இருக்கும்போது முழு அழுத்தம் கொடுப்பது அதற்குச் செய்யும் கொடுமை. நன்றாக விரட்டி ஓட்டியபின் உடனே நிறுத்துவதும் அதே வகை. கடைசிச் சில நிமிடங்களை மெதுவாக ஓட்டி வந்தால் போதும்.

அடுத்தது எதிர்ப்பக்கம். "மைலேஜ் வேண்டும்" என்று ஐந்தாம் கியரில் எஞ்சினை நிமிடத்துக்கு 1,300 சுற்றில் வைத்து ஏற்றத்தில் முழுதாக அழுத்துகிறவர்கள். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்று, அதிகச் சுமை என்ற இந்த நிலையில், பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி (API SP) தர ஆயிலில் இதைத் தடுப்பதற்கான சோதனையும் அடக்கம். டப்பாவின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதோடு ஒரு கியர் குறையுங்கள். செலவில்லாத மருந்து அது.

எரிபொருளுக்கு வண்டியின் மூடியில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணே வேதம். 95 குறைந்தபட்சம் என்றால் 95. குறைந்ததை ஊற்றினால் நாக் சென்சார் (எஞ்சினுக்குள் எரிபொருள் தவறாக வெடிப்பதை உணரும் கருவி) பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்ற முயலும்; நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி காணாமல் போகும்.

பிப்ரவரி 10

பிரேக் ஃப்ளூயிட், அதாவது பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் திரவம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) தரத்தில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி; ஈரம் ஏறியபின் 155 டிகிரி. மலை இறக்கத்தில் ஃப்ளூயிட் கொதித்தால் பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வண்டி ஓடவே இல்லை என்றாலும்.

பிப்ரவரி 23

பெரியவர்களைப் பற்றிக் கேட்ட பகுதிக்கு நான் இதுவரை வரவே இல்லை. அதுதான் உங்கள் முக்கியக் கேள்வி.

என் அம்மாவுக்கு மூட்டுவலி. பின்னால் உட்கார்ந்தபின் அவருக்குச் சிரமம் இல்லை. உட்காருவதும் எழுவதும்தான் சிரமம். முன் இருக்கையில் அதைவிட மோசம், ஏனென்றால் ஸ்போர்ட்ஸ் இருக்கையின் ஓரங்கள் தொடையை அணைக்கும் விதத்தில் உயர்ந்திருக்கின்றன. அந்த ஓரத்தைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஓட்டுநருக்கு வளைவில் பிடித்துக்கொள்ளும் அதே ஓரம், அவருக்குத் தடைச்சுவர். அவர் முன்னால் உட்காரும் நாட்களில் நான் அந்த இருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளி, உயர்த்தி வைக்கிறேன். கதவு மூன்றா ஐந்தா என்ற கேள்விக்கே இடம் இல்லை: ஐந்து கதவு.

குலுக்கல் பின்னால்தான் அதிகம். பின்சக்கரங்களின் மேலேயே உட்காருகிறார்கள். நகரத்தில் மெதுவாகப் போகும்போதுதான் இறுக்கமான ஷாக் அப்சார்பர் தன் குணத்தைக் காட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அதே வண்டி பணிந்து நிற்கும். இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் மின்னணு ஷாக் அப்சார்பர் இருந்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் பழுதானால் அதன் விலை சாதாரணத்தைப்போலப் பல மடங்கு. வாரண்டி முடிந்த பழைய வண்டியில் நான் அதை விரும்பமாட்டேன்.

அகலமான டயரின் இரைச்சலும் உண்டு. சொரசொரப்பான தார்ச்சாலையில், பின்னால் இருப்பவரிடம் பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.

மார்ச் 8

கையால் மாற்றும் கியரா, இரட்டை கிளட்ச் தானியங்கியா? தினமும் நெரிசலில் ஊர்கிறவருக்குத் தானியங்கி என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உலர் கிளட்ச் உள்ள வகைகள் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடாகின்றன. ஆயிலில் மூழ்கிய ஈரக் கிளட்ச் வகை இதைச் சிறப்பாகத் தாங்கும், ஆனால் அதன் ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும். எந்த வகை என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். "தெரியவில்லை" என்றால் தெரிந்தவர் வரும்வரை காத்திருங்கள்.

எனக்குக் கைக்கியர்தான் பிடிக்கும். இந்த வகைக் காரின் மகிழ்ச்சியில் பாதி அதில்தான் இருக்கிறது. அது வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது: கோல்ஃப் ஜிடிஐ-யே 2024 புதுப்பிப்பில் கைக்கியரைக் கைவிட்டது. கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

மார்ச் 22

பழைய வண்டி வாங்கலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

மாற்றம் செய்யப்பட்ட வண்டியைத் தொடாதீர்கள். எஞ்சின் கணினியின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டி, விற்கும் முன் பழையபடி ஆக்கிவிடுவார்கள். கிளட்ச்சும் டர்போவும் அந்த அனுபவத்தை மறப்பதில்லை. மூன்றாவது கியரில், குறைந்த சுற்றில் முழுதாக அழுத்துங்கள்; சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நான்கு டயரும் ஒரே தயாரிப்பா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவு டயர் நான்கும் மாட்டியிருந்தால், பராமரிப்பில் வேறு எங்கெல்லாம் கைசுருக்கியிருப்பார் என்று யோசியுங்கள். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் கோணலாக இருக்கிறது, அல்லது எங்கோ இடித்து வளைந்திருக்கிறது.

காப்பீடு: நீங்களே மாற்றம் செய்தாலும், முந்தைய உரிமையாளர் செய்ததை மறைத்தாலும், விபத்துக்குப் பிறகு நிறுவனம் கைவிரிக்கக்கூடும். எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மார்ச் 30

மின்சாரக் கார் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்ற பேச்சு. வேகமெடுப்பதில் மின்சாரத்தை இவை வெல்ல முடியாது. அந்தப் போட்டியே வேண்டாம். எடையில்தான் கேள்வி. ஹூண்டாயின் வேகமான மின்சாரக் கார் ஐயானிக் 5 N இரண்டு டன்னைத் தாண்டுகிறது. அதை ஓட்டியவர்கள் மகிழ்கிறார்கள், ஆனால் அது சிறிய கார் இல்லை. ஆல்பீன் ஏ290 போல ஏறத்தாழ ஒன்றரை டன்னில் சிறிய மின்சார ஹேட்ச்பேக்குகள் வரத் தொடங்கியிருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. அதே நேரம் ஃபோர்டு ஃபியெஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் நின்றபோது அதன் வேகமான எஸ்டி (ST) பதிப்பும் சேர்ந்து போனது. 200 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், கைக்கியர், விருப்பத் தேர்வாக லிமிட்டெட் ஸ்லிப். இந்த இழையில் நான் விரும்பிக் கேட்ட எல்லாமே ஒரே வண்டியில் இருந்தன. அதன் இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, சக்தி குறைந்ததும் இலேசானதுமான ஒன்றின் பக்கம் சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சி. கையெழுத்துப் போடும் முன் இன்னொரு முறை ஓட்டுங்கள், இந்த முறை அண்ணனையும் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் பின்னால் உட்கார வைத்து. விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலை வேண்டாம். நீங்கள் தினமும் போகும் சாலையில், வேகத்தடைகள் உள்ள பகுதியில் ஓட்டுங்கள். புறப்படும் முன் டயர் காற்றைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். காட்சிக்கு நிற்கும் வண்டிகளில் காற்று கூடுதலாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஓட்டிப் பார்த்தால் வண்டி உள்ளதைவிட இறுக்கமாகத் தெரியும்.